அந்த அட்டவணையை அனுப்ப மாட்டேன்

போன வாரம் ஓர் உடற்கல்வி ஆசிரியர் கைப்பேசியில் அழைத்தார். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத இளைஞர். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், ஜெசிந்தா அக்காவுக்கு நீங்க போட்ட ஷெட்யூல் இருக்குதுங்களா? வாட்ஸ்அப்ல அனுப்பி உட்டீங்கன்னா எங்க பிள்ளைங்க எல்லாத்துக்கும் அதையே குடுத்தரலாமுங்க."

"எல்லாத்துக்குமா?"

"ஆமாங்க டீச்சர். ஒரு அறுபது பேரு இருக்கறாங்க."

பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். மரியாதையான செயல் இல்லைதான். ஆனால் இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் அந்தப் பையன் அழுதிருப்பான். என் கோபத்துக்கு அவன் ஆள் இல்லை. ஓடுகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளை நகலெடுத்து எல்லார் கையிலும் கொடுப்பதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் ஓய்வு பெற்ற பிறகும் குறையவில்லை. அதனால் அவன் கேட்டதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். என் பெயர் ருக்மணி. பிள்ளைகளுக்கு பி.டி. டீச்சர். உடற்கல்விக் கல்லூரியில் எனக்குக் கிடைத்த பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விசில் அடித்தால் எல்லாரும் ஓடினோம், அடுத்த விசிலுக்கு எல்லாரும் நின்றோம். தாங்கியவர்கள் வீராங்கனைகள் ஆனார்கள். தாங்காதவர்கள் ஆசிரியைகள் ஆனோம்.

ஜெசிந்தா ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். மண்ணரையில் ஒரு காம்பவுண்டு வீட்டில் அம்மா அருள்மேரியோடு இருந்தாள். அப்பா இல்லை. அருள்மேரி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து, பழுதானதை 'செகண்ட்ஸ்' என்று ஒதுக்குகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். பெண்ணும் அம்மாவும் ஒரே அச்சு. இரண்டு பேருக்கும் நெடிய கால்கள்.

அந்தக் கால்கள்தான் பிரச்சினை. அப்போது என்னிடம் வளர்மதி என்று இன்னொரு பெண்ணும் ஓடினாள். குட்டையானவள், உருண்டு திரண்ட உடம்பு. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் தெறித்துப் போவாள். அவளை எத்தனை முறை புறப்பட வைத்தாலும் அடுத்த முறை இன்னும் வேகமாகப் புறப்படுவாள். ஜெசிந்தா அப்படியே எதிர். புறப்படும்போது மடக்குக் கட்டிலைப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு உறுப்பாக நிமிரும். பாதித் தூரம் வரை எல்லாருக்கும் பின்னால் இருப்பாள். அதற்கப்புறம் எட்டு எடுத்து வைக்க ஆரம்பித்தால் மற்றவர்கள் நிற்பதுபோல் தெரியும்.

வளர்மதிக்குக் கொடுத்த புறப்பாட்டுப் பயிற்சியையே முதலில் இவளுக்கும் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாவது நாளே ஜெசிந்தா என்னிடம் வந்து நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்குவீங்களா?"

"சொல்லு கண்ணு."

"வளர் ஓடறாப்பல ஓடச் சொல்றீங்க. எனக்கு அது வரலீங்க. காலை எங்க வெக்கறதுன்னே தெரியலீங்க. குறுக்கிப் போட்ட மாதிரி இருக்குதுங்க."

உட்கார வைத்து அவள் காலை அளந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. புறப்படும்போது காலை ஊன்றும் கட்டையைக் கோட்டிலிருந்து நன்றாகப் பின்னால் தள்ளி வைத்தோம். முதல் அடிகளைச் சின்னதாக வை என்று சொல்வதை நிறுத்தினேன். தரையைத் தள்ளு, அவசரப்படாதே என்று மட்டும் சொன்னேன். அந்த மாதமே அவள் ஓட்டம் மாறியது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஜெசிந்தாவும் அம்மாவின் கம்பெனிக்கே செக்கிங் வேலைக்குப் போனாள். ஓட்டத்தை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் விடவில்லை. சாயங்காலம் மைதானத்துக்கு வந்தாள். ஆனால் கால் வரவில்லை. கெண்டைக்கால் சதை கருங்கல் மாதிரி இருந்தது. இடது தொடையின் பின்பக்கம் எப்போதும் இழுத்துக்கொண்டே இருந்தது. ஏன் இடது பக்கம் மட்டும் என்று எனக்குப் புரியவில்லை.

ஒரு மதியம் அவள் வேலை செய்யும் கம்பெனிக்கே போனேன். சூப்பர்வைசர் கதவருகிலேயே மறித்தார்.

"என்னங்க டீச்சர், ஆடிட்டுக்கு ஆள் வர்ற நேரத்துல வந்திருக்கீங்க?"

"அந்தப் பொண்ணு நிக்கறத ஒருக்காப் பார்க்கோணும்."

"நிக்கறதையா?" ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பார்த்துட்டுப் போயிருங்க. லைன் வேலை மட்டும் நிக்கக் கூடாதுங்க."

ஓரமாக நின்று பார்த்தேன். செக்கிங் மேசை அவள் உயரத்துக்குத் தாழ்வு. முன்னால் குனிந்து, மொத்த எடையையும் வலது காலில் போட்டு, இடது காலைத் தளர்த்தி வைத்துத்தான் நின்றாள். கை மட்டும் ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை ஒன்றரை சிப்ட், பன்னிரண்டு மணி நேரம். இதை முடித்துவிட்டு வருகிற பெண்ணிடம் இரண்டு காலும் சமமாக ஓடு என்றால் எப்படி ஓடும்? மைதானத்தில் அவள் செய்வது பாதிப் பயிற்சிதான், மீதிப் பாதியை அந்த மேசை கொடுத்துக்கொண்டிருந்தது. அது அவளைக் கெடுக்கும் பயிற்சி.

நூல்கோன் வந்த பழைய அட்டைப்பெட்டி ஒன்றைத் துணியால் அடைத்து, மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு காலை அதன்மேல் வைத்து நிற்க வேண்டும், அப்புறம் அடுத்த காலுக்கு மாற்ற வேண்டும். சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துவிட்டுச் சரி என்றார். அவருக்கு நான் இன்றுவரை நன்றியுள்ளவள்.

அன்றிலிருந்து அவள் பயிற்சியைக் கம்பெனி வேலையோடு சேர்த்தே யோசித்தேன். சரக்கு ஏற்றி அனுப்பும் ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் வேக ஓட்டமே கிடையாது. இடுப்பைத் தளர்த்தும் அசைவுகள், கொஞ்ச நேரம் நடை, வீட்டுக்குப் போய்த் தூக்கம். முழு வேகத்தில் ஓடுவது ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், உடம்பு புதிதாக இருக்கும்போது. சில ஓட்டங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு முழுதாக அடங்கும்வரை உட்கார வைத்தேன். வேகம் களைத்த உடம்பில் வளராது. களைத்த உடம்பில் வளர்வது களைத்து ஓடும் பழக்கம்தான்.

ஓடுவதற்கு முன்னால் நின்ற இடத்தில் குதிக்கச் சொல்வேன். நான் திரும்பி நின்று சத்தத்தைக் கேட்பேன். பாதம் தரையில் பட்டுத் துள்ளினால் சத்தம் சுருக்கமாக இருக்கும். செருப்பால் அடித்த மாதிரி 'சப்' என்று கேட்டால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. முதலில் அவள் முரண்டு பிடித்தாள். போகப் போக அவளே, "இன்னைக்கு சப்புன்னு இருக்குதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்தபோது சோகை இருப்பது தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். அருள்மேரி முருங்கைக்கீரையும் கடலையும் விடாமல் கொடுத்தாள். மாதவிலக்கு நாட்களில் எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன், அவள் கூச்சப்படாமல் சொல்வாள். அதற்கேற்ப மாற்றுவோம்.

இப்போது சொல்லுங்கள், இதில் எதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது?

அடுத்த ஆண்டு மாவட்டப் போட்டியில் ஜெயித்து, மாநில அணித் தேர்வு முகாமுக்கு ஜெசிந்தா தேர்வானாள். வெளியூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் முகாம். தலைமைப் பயிற்சியாளர் வரதராஜன்.

அவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஷூ, இரண்டிலும் ஒரு தூசி இருக்காது. பிள்ளைகளைச் சட்டையில் குத்திய எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். ஓட்டம் நடக்கும்போது முடிவுக் கோட்டருகே நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். ஓடுகிறவரைப் பார்த்து நான் கண்டதில்லை. பயிற்சி அட்டவணையைக் கண்ணாடித்தாள் ஒட்டி மைதானச் சுவரில் மாட்டியிருந்தார். எல்லாருக்கும் அதே புறப்பாடு, அதே ஓட்டம், அதே இடைவெளி. யாராவது எதையாவது கேட்டால் லேசாகச் சிரித்து, "ஒழுக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஜெசிந்தாவைக் கொண்டுபோய் விட்டபோது அவரிடம் பேசினேன்.

"சார், இந்தப் பொண்ணு கம்பெனில நின்னு வேலை பார்க்கறவ. இடது தொடை எப்பவும் இறுக்கமா இருக்கும். நல்லா ஓய்வு குடுத்து ஓட வெச்சீங்கன்னா..."

முழுவதும் கேட்டார். பிறகு மென்மையாகச் சொன்னார். "டீச்சர், நீங்க இவங்களைக் கொஞ்சிப் பழக்கிட்டீங்க. ஒருத்தருக்கு ஒரு மாதிரி, இன்னொருத்தருக்கு வேற மாதிரின்னு போனா அது பாரபட்சம். எங்கிட்ட எல்லாரும் சமம்."

சமம்! விடுதியில் தங்கி முட்டையும் பாலும் குடித்து மதியம் தூங்கி எழுந்த பிள்ளையும், ஒன்றரை சிப்ட் முடித்துவிட்டு நேராக முகாமுக்கு வந்த பிள்ளையும் அவருக்குச் சமம். இந்த வார்த்தையை இவர்கள் எங்கிருந்துதான் எடுக்கிறார்களோ. நான் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். முகாமிலிருந்து பெண்ணை அனுப்பிவிடுவாரோ என்ற பயம். அவரைப் போன்றவர்கள் அந்தப் பயத்தில்தான் பிழைக்கிறார்கள்.

சில நாட்களில் ஜெசிந்தா போன் செய்தாள்.

"டீச்சர், கட்டையை முன்னாடி தள்ளி வெக்கச் சொல்றாருங்க. காலைலயும் சாயங்காலமும் ஓட்டமுங்க. தொடைக்குப் பின்னாடி சுருக்குன்னு இழுக்குதுங்க."

"அவர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னனுங்க. எல்லார்த்துக்கும் முன்னாடி, கம்பெனில ஓவர்டைம் பார்க்கறப்ப வலிக்காத காலு இங்க வந்துதான் வலிக்குதான்னு கேட்டாருங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனேன். விட்டுவிட்டு வா என்று கூட்டிவரத்தான் போனேன். நான் மைதானத்தில் நுழைந்தபோது மழைத் தூறல் நின்று காற்று குளிர்ந்து அடித்தது. பெண்கள் வரிசையில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்பைச் சூடேற்றிக்கொள்ள அவர்களுக்கு நேரம் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஜெசிந்தா கட்டையில் காலை வைத்துக் குனிந்திருந்தாள். நான் கூப்பிடுவதற்குள் விசில் அடித்துவிட்டது.

அவள் நிமிர்ந்து வேகமெடுத்த இடத்தில் கை தன்னால் தொடைக்குப் பின்னால் போனது. யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்த மாதிரி ஓர் அலறல். ஒற்றைக் காலில் இரண்டு எட்டுத் தத்தி, பாதையிலேயே முகம் குப்புற விழுந்தாள்.

வரதராஜன் கடிகாரத்தைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார்.

"அடுத்த பேட்ச்" என்றார்.

அடுத்த வரிசைப் பெண்கள் அசையவில்லை. பாதையில் ஒருத்தி கிடக்கிறாளே! நான் ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்து வைத்தேன். மண் அப்பிய உதட்டோடு, "நான் சொன்னனுங்க டீச்சர், நான் சொன்னனுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"இந்தப் பொண்ணு வலிக்குதுன்னு சொல்லுச்சா இல்லையா?"

"டீச்சர், உணர்ச்சிவசப்படாதீங்க. திராணி இருக்கறவங்க தாங்குவாங்க. இல்லாதவங்க கழிஞ்சு போவாங்க. தேர்வுன்னா அதுதான்."

"கழிஞ்சு போறதுக்கு இது என்ன செகண்ட்ஸ் துணியா சார்? நீங்க அவ ஓடறத ஒருக்காவது கண்ணால பார்த்தீங்களா? கடிகாரத்துல கால் தெரியுமா?"

அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு நகர்ந்தார். நான் மேலிடத்தில் புகார் கொடுத்தேன். விசாரணை என்று ஒன்று நடந்தது. வீராங்கனை காயத்தை மறைத்து முகாமுக்கு வந்தார் என்று முடித்தார்கள். யாரிடமிருந்து மறைத்தாள்? கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன பெண் அவள். அதை எத்தனை பேரிடம் போய்ச் சொன்னேன். ஒவ்வொருவரும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

தசை கிழிந்திருந்தது. அந்த வயதுப் பிரிவில் மாநில அணிக்குப் போகும் கடைசி வாய்ப்பு அதோடு போயிற்று. மருத்துவர் சொன்னபடி முதலில் படுக்கை, பிறகு கோல் ஊன்றி நடை, பிறகு வெறும் நடை. ஜெசிந்தா மைதானத்துக்கே வரமாட்டேன் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. பல மாதம் கழித்து அவளாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

"ஓடறனுங்க டீச்சர். ஆனா ஒண்ணு. நான் நிறுத்துன்னு சொன்னா நிறுத்தோணுங்க. ஏன்னு கேக்கக் கூடாதுங்க."

"கேக்க மாட்டேன்."

அந்த ஒரு விதியை வைத்துத் தொடங்கினோம். நூறு மீட்டரை விட்டுவிட்டு இருநூறுக்கு மாறினோம். புறப்பாட்டில் இழப்பதைப் பின்பாதியில் எடுத்துக்கொள்ள அவள் கால்களுக்கு அங்கே இடம் இருந்தது. ஆனால் இருநூறில் வளைவு உண்டு. வளைவில் ஓடும்போது உடம்பு உள்பக்கம் சாயும். அவளுக்குக் கிழிந்த இடது கால்தான் உள்பக்கம்.

"வளைவு வந்தா இந்தக் காலு பயப்படுதுங்க. எனக்குப் பயம் இல்லீங்க, காலுக்குத்தான்" என்றாள்.

அந்தக் காலோடு சண்டை போடாமல் பழக்கினோம். முதலில் நேர்கோட்டில் மெதுவாக. பிறகு மைதானத்தின் வெளி ஓரத்தில், வளைவே தெரியாத பெரிய வட்டத்தில். அது பழகிய பிறகு ஒரு பாதை உள்ளே. மறுபடி ஒன்று உள்ளே. சில வாரங்கள் முன்னேறினோம், சில வாரங்கள் பின்னால் வந்தோம். அவள் மண்டியிட்டு உட்கார, நான் கணுக்காலைப் பிடித்துக்கொள்வேன். உடம்பை மெல்ல மெல்ல முன்னால் சாய்ப்பாள், தொடையின் பின்தசை நடுங்கும். நடுங்கும்போது நிறுத்து என்பாள். நிறுத்திவிடுவேன். ஒரு நாள் தரை வரை சாய்ந்து போய் மண்ணில் முகத்தை வைத்துச் சிரித்தாள். விழுந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்குப் பணி ஓய்வு வந்தது. பயிற்சி நிற்கவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு மாநில அளவிலான திறந்த போட்டியில் ஜெசிந்தா இருநூறு மீட்டர் ஓடினாள். வளைவு முடியும்போது ஐந்தாவதாக வந்தாள். அப்புறம் அந்தக் கால்கள் நீண்டன. ஒவ்வொருத்தியாகத் தாண்டி இரண்டாவதாகக் கோட்டைத் தொட்டாள். முதலில் வந்தவளைத் தொடக் கை நீட்டுகிற தூரம். அருள்மேரி என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் என் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது.

பதக்கம் கொடுத்து முடிந்ததும் எங்கள் ஊர்ப் பத்திரிகை ஒன்றின் நிருபர் வந்தார். அவர் பின்னாலேயே வெள்ளைத் தொப்பி. வரதராஜன் ஜெசிந்தாவின் தோளில் கையைப் போட்டு, "நம்ம முகாம்ல உருவான பொண்ணு" என்றார். புகைப்படம் எடுத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா தோளை விலக்கிக்கொண்டாள். குரலில் கொஞ்சமும் சூடு இல்லை.

"இல்லீங்க சார். உங்க முகாம்ல நான் ஓடலீங்க. உளுந்தனுங்க."

நிருபர் எழுதிக்கொள்ளவில்லை. மறுநாள் பத்திரிகையில் வரதராஜன் தோளில் கை போட்ட படமும், அவர் முகாம் கண்டெடுத்த வீராங்கனை என்ற செய்தியும் வந்திருந்தன. அதைப் பார்த்த அருள்மேரி வேலைக்குப் போகாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பேப்பர்காரங்க ஆபீஸ் எங்கீங்க டீச்சர் இருக்குது? வாங்க போலாம்."

மூன்று பேரும் போனோம். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். பார்க்கிறோம் என்றார், பத்திரிகை ஆசிரியர் வரட்டும் என்றார், நல்ல செய்திதானே வந்திருக்கிறது, இதில் என்ன குறை என்றார். அருள்மேரி பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள், அன்றைக்கு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்தாள்.

"அம்மா, உங்க பொண்ணு ஜெயிச்சதத்தானே போட்டிருக்கறோம். இன்னும் என்னத்தப் போடோணுங்கறீங்க?"

"எம் புள்ள எங்க உளுந்தா, ஆரால உளுந்தான்னு போடுங்க சாமி. எந்திரிச்சத அவளே காமிச்சுட்டா."

மறுநாள் போட்டார்கள்.